எதுக்குன்னு கேக்க மாட்டேன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒருவரைத் திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில், மதியச் சாப்பாட்டு மேசையில், யார் யார் கல்லூரிக்கு முந்தின வகுப்பில் என்ன பாடம் எடுத்தோம் என்று பேச்சு வந்தது. ஒருவர் கணிதம் என்றார், இன்னொருவர் உயிரியல். நான் உளவியல் என்றேன். எதிரே இருந்தவர் தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் புத்தக அலமாரி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஸ்பூனைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "ஓ, மார்க் வராதவங்க எடுக்கிற சப்ஜெக்ட்தானே அது?"

மேசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பைத் துப்பியபோது கிடைத்த முதல் வாக்கியம் இது:

"ஐயா, நீங்கள் பிறக்கும்போதே பட்டத்தோடு பிறந்த —" [விட்டுவிட்டேன். மிச்சத்தை எழுதினால் யாரும் அச்சில் போடமாட்டார்கள்.]

இரண்டாவது தொடக்கம்: "மனித மனம் ஓர் ஆழ்கடல் —" [இதை வேறு யாராவது எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். நானே எழுதியதால் மெதுவாகக் கிழித்தேன்.]

மூன்றாவது: "அக்கா எழுந்து நின்றாள்." இது பரவாயில்லை. ஆனால் அக்கா யார், அதுவரை ஏன் உட்கார்ந்திருந்தாள், எழுந்து நின்றால் எந்தக் குடி முழுகிவிடும் என்று தெரியாமல் உங்களுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதை முதலில் சொல்லவேண்டும்.

சொல்லத் தொடங்கியதும்தான் தொந்தரவு. திட்ட உட்கார்ந்தவளுக்கு நன்றி நன்றியாக வருகிறது. கோபத்தில் பழகிய கைக்கு இது இடது கையால் எழுதுவது மாதிரி இருக்கிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கதையில் வரும் பெண்ணை முதலில் 'நான்' என்றுதான் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் தெருச்சண்டை மாதிரி கத்தியது. 'அவள்' என்று மாற்றியதும் கொஞ்சம் அடங்கினாள். ஆகவே அவள், அவளாகவே இருக்கட்டும்.

அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் வைத்த பட்டப்பெயர் மிளகாய். அப்பா இல்லை. முழங்கால் ஒத்துழைக்காததால் அம்மா வீட்டோடு இருந்தாள். பத்து வயது மூத்த அக்கா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் வைப்பவள். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய வகுப்புவரை படிக்க வந்தவள் மிளகாய் ஒருத்திதான்.

உளவியலை அவள் ஏன் எடுத்தாள்? கணக்கு வராது, அதனால்தான். (மேசைக்காரர் சொன்னது உண்மை. உண்மையாக இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.)

"என்ன பாடம்டி எடுத்திருக்க?" என்று அம்மா கேட்டாள்.

"உளவியல்."

"உளவா? போலீஸுக்குப் போறியா?"

"உளவு இல்லம்மா, உளவியல். உள்ளம். மனசைப் பத்திப் படிக்கிறது."

"அதான். மனசை உளவு பாக்கிறது."

யோசித்துப் பார்த்தால் பெரிய தப்பொன்றும் இல்லை. ஆனால் அம்மா இதைப் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக்காரி மறுநாள் கதவோரம் நின்று குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரர் மொட்டை மாடியில நின்னு போன்ல யார்கிட்ட பேசறார்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்மா, நீதான் அதுக்குப் படிக்கிறியாமே" என்றாள்.

பள்ளியில் அந்தப் பாடத்துக்குத் தனி அறைகூடக் கிடையாது. உயிரியல் ஆய்வகத்தின் மூலையில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், நாலு பெஞ்சு. பெஞ்சு நிறைந்ததே இல்லை. மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பாக்கலாம்" என்பார்கள். மிளகாய் ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கவேண்டி வந்தது.

ஆனால் அந்த மூலையில்தான் அவள் முதன்முதலாக ஒன்றைக் கண்டாள். பாடப்புத்தகத்தில் கோபத்துக்கென்று ஒரு அத்தியாயமே இருந்தது. அதுவரை அவள் கோபத்துக்குக் கிடைத்ததெல்லாம் கன்னத்தில் அறைதான். இங்கே தலைப்பு, உட்தலைப்பு, கேள்வி-பதில் எல்லாம் கிடைத்தன. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, இவள் மாதிரி ஒருத்தி ஏன் இப்படி இருக்கிறாள் என்று மெனக்கெட்டு யோசித்திருக்கிறார்கள். அன்று அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அழவில்லை. [அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அழவில்லை, அடக்கிக்கொண்டாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதுவும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது.]

3

இனி கதை.

வருடக் கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. எட்டு பேரை உட்காரவைத்து, இருபது சொற்கள் உள்ள பட்டியலை வாசித்துக் காட்டி, நினைவில் இருப்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லவேண்டும். பட்டியலின் தொடக்கத்தில் வருவதும் கடைசியில் வருவதும் மனதில் நிற்கும். நடுவில் வருவது நழுவிவிடும். அது உண்மைதானா என்று பார்ப்பதுதான் சோதனை. அறிக்கை எழுதிக் கொடுத்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். இதில் தேறாவிட்டால் பாடமே போச்சு. பாடம் போனால் கல்லூரி போச்சு.

சோதனைக்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்லியாகவேண்டும். பாடப்புத்தகத்தில் அது இப்படி இருந்தது: 'பங்கேற்பாளர் எந்நிலையிலும் காரணம் கூறாது விலகிக்கொள்ளும் உரிமையுடையவர் ஆவார்.'

உளவியல் மிஸ் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மிஸ்ஸுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது. நிரந்தர வேலை இல்லை. எந்நேரமும் பிஸ்கட் கொறித்தபடியே பேசுவாள்.

"இதை இப்படியே வாசிச்சா யாருக்குப் புரியும்? புரியலைன்னா ஒப்புதலே இல்ல. வீட்டுல பேசற மாதிரி எழுதிட்டு வா."

'விலகிக்கொள்ளலாம்' என்று எழுதினாள். ஏதோ வரிசையில் நிற்பவரை ஓரமாகப் போகச் சொல்வது மாதிரி இருந்தது. 'வேண்டாமென்றால் விட்டுவிடலாம்' என்று எழுதினாள். கடைக்காரர் மாதிரி இருந்தது. கடைசியில், வாயில் வந்ததை அப்படியே எழுதினாள்:

"எப்ப வேணாலும் நீங்க எழுந்து போலாம். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

மிஸ் பிஸ்கட்டை மென்றுகொண்டே தலையாட்டினாள். "இதுதான் தமிழ்."

வந்தது வினை.

4

எட்டு பேருக்கு எங்கே போவது? அக்காவின் கம்பெனிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சாப்பாட்டு இடம் ஒன்று இருந்தது. மதிய இடைவேளையில் தன் லைனில் இருப்பவர்களை உட்காரவைப்பதாக அக்கா ஏற்றுக்கொண்டாள். (லைன் என்றால் வரிசையாகப் போட்ட தையல் மிஷின்கள். ஒருத்தி கை வைப்பாள், அடுத்தவள் காலர், அதற்கடுத்தவள் பட்டன் ஓட்டைக்குக் காஜா. சட்டை கை மாறிக்கொண்டே போகும். நடுவில் ஒருத்தி எழுந்தால் எல்லாம் தேங்கும்.)

மிளகாய்க்கு அன்று தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அக்கா வீட்டில் சொன்னதே இல்லை. சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அந்த லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். பிளாஸ்டிக் வில்லை, நீல நிறம், கயிறு கோத்தது. அதைச் சூப்பர்வைசர் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் கையைத் தூக்கி, "சார், போலாமா?" என்று கேட்கவேண்டும். அவர் உடனே கழற்றித் தரமாட்டார். முதலில் கேட்பார்: "எதுக்கு?"

கழிவறைக்கு எதுக்குப் போவார்கள்? ஆனாலும் கேட்பார். லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்பார். "இப்பதானே போன? மறுபடி எதுக்கு?" அந்தப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'எதுக்கு சார்'.*

ஆகவே, டிபன் பாக்ஸ்களை மூடி வைத்துவிட்டு எட்டு பெண்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடச் சீருடையில் நின்று, காகிதத்தைப் பார்த்து, "எப்ப வேணாலும் நீங்க எழுந்து போலாம். எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்று வாசித்தபோது, அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு காஜா மிஷினில் இருக்கும் இன்னொரு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னாள்.

"அடி ஆத்தீ!" காஜா அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப நான் போறேன்."

"அக்கா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எங்க போறீங்க?"

"எதுக்குன்னு கேக்க மாட்டேன்னியே!"

பெஞ்சு சிரிப்பில் குலுங்கியது. காஜா அக்கா இடுப்பில் கைவைத்து, ராணி மாதிரி தகரக் கூரையின் அந்தக் கடைசிவரை நடந்து போனாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்து போனாள். அடுத்தவளும் எழுந்தாள். "நானும் போறேன். என்னையும் கேக்காத." அதற்கடுத்தவள் பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்த்து, "கேக்க மாட்டல்ல?" என்று உறுதி செய்துகொண்டு போனாள். லைனிலேயே வயதில் மூத்தவள், யாரிடமும் அதிகம் பேசாதவள், மெல்ல எழுந்து, மிளகாய் முன்னால் வந்து நின்று, அவள் கன்னத்தைத் தொட்டு, "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு, இந்தப் பரீட்சை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிளகாய்க்குக் கண் சிவந்துவிட்டது. "விளையாடாதீங்க! எனக்கு மார்க் போயிடும்!" என்று கத்தினாள். கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது.

ஏழு பேரும் போய்விட்டார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். "நீ வாசி. நான் இருக்கேன்" என்றாள்.

வாசித்தாள். நாற்காலி, மழை, சாவி என்று தொடங்கி, விளக்கு, படகு என்று முடிந்த பட்டியல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். தொடக்கம் சரியாக வந்தது. முடிவும் வந்தது. நடுவில் வெகுநேரம் தேடி, ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்: "டோக்கன்."

அது பட்டியலில் இல்லை.

* அக்கா இந்த இடத்தைப் படித்துவிட்டுச் சொன்னது: "அவரையே திட்டிக்கிட்டு இருக்காத. அவருக்கு மேல மேனேஜர்னு ஒரு பெரிய எதுக்கு இருந்தான்." சேர்த்துவிட்டேன்.

5

பட்டியலின் நடுவில் இருப்பது மறந்துபோகும் என்று சொன்னேன் அல்லவா? இது கதையின் நடு. நன்றியை இங்கே வைத்துவிடுகிறேன். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அக்காவுக்கும் கூச்சமாக இருக்காது.

உளவியல் மிஸ்ஸுக்கு நன்றி. உங்கள் வேலை எந்நேரமும் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் 'புரியலைன்னா ஒப்புதலே இல்ல' என்றீர்கள். படித்தவர்கள் எல்லாரும் புரியாமல் பேசுவதையே பெருமையாக நினைத்த கட்டடத்தில் நீங்கள் சொன்னது அது.

எலும்புக்கூட்டுக்கு நன்றி. இரண்டு வருடம் பக்கத்தில் நின்றும் ஒருமுறைகூட, "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கவில்லை.

கணக்குக்கு நன்றி, வராமல் போனதற்கு.

காஜா அக்காவுக்கும், கன்னத்தைத் தொட்டவருக்கும், மற்ற ஐந்து பேருக்கும் நன்றி. அன்று உங்களைச் சபித்தேன். அதையும் வாபஸ் வாங்கவில்லை; நன்றியும் இருக்கிறது, சாபமும் இருக்கிறது, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

அக்காவுக்கு —

[இங்கே ஒரு பெரிய பத்தி இருந்தது. அக்கா படித்தாள். "செத்தவங்களுக்கு எழுதற மாதிரி இருக்கு, எடுத்துரு" என்றாள். எடுத்துவிட்டேன்.]

6

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் எட்டு பேரின் முடிவுகளோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது. தொடக்கம் நினைவிருக்கும், நடு மறக்கும், கடைசி நினைவிருக்கும். பதில்தான் புத்தகத்திலேயே இருக்கிறதே, ஆள் எதற்கு?

மிளகாயும் இட்டுக்கட்டியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவில்லை என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். தோன்றியது. ஆனால் இட்டுக்கட்டுவதற்கும் கணக்கு வேண்டும். (சொன்னேனே, கணக்குக்கு நன்றி.)

மிஸ்ஸிடம் நடந்ததை ஒப்பித்தாள். கடைசியில், "ஏழு பேர் போயிட்டாங்க மிஸ். ஒருத்தர் மட்டும்தான் முழுசா உக்காந்தாங்க. எங்க அக்கா. அதையாவது வச்சுக்கலாமா?"

மிஸ் பிஸ்கட் பொட்டலத்தை மடித்தாள். "உங்க அக்கா ஏன் போகல?"

"நான் போகச் சொல்லல."

"போலாம்னு சொன்னேல்ல? மத்தவங்க போனாங்க. அவங்க ஏன் போகல?"

"அவங்களும் போயிட்டா என் மார்க் போயிடும்ல!"

"அப்ப அவங்களால போக முடியல."

"முடியாம இல்ல மிஸ், போகல."

"ரெண்டும் ஒண்ணா?" என்றாள் மிஸ். பிறகு, கொஞ்சம் மெதுவாக: "போக முடியாதவங்க உக்காந்திருந்தா, அது ஒப்புதல் இல்ல. உன் ஏழு பேருதான் ஒழுங்கா நடந்துக்கிட்டாங்க. செல்லாதது உங்க அக்காவோடதுதான்."

மிளகாய் அன்று மிஸ்ஸை வாய்க்கு வந்தபடி பேசினாள். என்னென்ன பேசினாள் என்று எழுதமாட்டேன். "உங்களுக்கு அக்கா இருக்காங்களா?" என்பதில் தொடங்கியது. மிஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு, கடைசியில், "நடந்ததை அப்படியே எழுதிட்டு வா. மீதியைத் தேர்வாளர் பாத்துப்பார்" என்றாள்.

7

இந்த அத்தியாயத்தை நாலு முறை எழுதியிருக்கிறேன். முதல் மூன்றிலும் தங்கை அழுகிறாள், அக்கா கட்டிக்கொள்கிறாள். நடந்தது இது.

சாயங்காலம். அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைச் சீப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். மிளகாய் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நீ போலாம்."

"எங்க?"

"எங்கேன்னு இல்ல. போலாம். எனக்காக நீ அந்தக் கம்பெனியில இருக்க வேணாம். எப்ப வேணாலும் போலாம்."

சீப்பு நின்றது. "வேலை கேட்டுப் போற இடத்துல, 'சரிம்மா, நீங்க போலாம்'னு சொல்லுவாங்களே, அந்தப் போலாமா?"

"இல்லக்கா —"

"சினிமாவுக்குப் போலாம்ங்கற போலாமா? நீயும் நானும்?"

"இல்ல! உனக்கு உரிமை இருக்குங்கற போலாம்!"

"ஒரே ஒரு போலாமை வச்சுக்கிட்டு எத்தனை பேரைத்தான்டி துரத்துவீங்க?" அக்கா எழுந்துவிட்டாள். "படிச்சுட்ட. இனிமே நான் வேண்டாம். அதானே?"

"யாருடி எங்க போறது?" என்று சமையலறையிலிருந்து அம்மா.

"உங்க உளவு என்னைப் போகச் சொல்றாம்மா!"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல! நீ எனக்காகத்தானே அங்க கிடந்து கஷ்டப்படற, அதனால —"

"யாரு சொன்னா?"

உண்மையில் யாரும் சொல்லவில்லை.

"நான் உனக்காக அங்க உக்காந்திருக்கேன்னு எவ சொன்னா? எனக்குக் காலர் வைக்கப் பிடிக்கும். தெரியுமா உனக்கு? கேட்டிருக்கியா? நீ படிச்சாலும் படிக்காட்டியும் நான் அங்கதான் இருப்பேன். என்னைத் தியாகி ஆக்கி உன் பரீட்சையில எழுதாத."

"அப்ப அன்னைக்கு ஏன் எழுந்து போகல?"

அக்கா சீப்பில் சிக்கிய நூலை உருவி எடுத்தாள்.

"எழுந்து போலாம்னு நீ சொன்னப்ப," என்றாள், "எப்படி எழுந்திரிக்கிறதுன்னே தெரியலடி. கேக்காம எழுந்து பழக்கம் இல்ல."

டோக்கன் விஷயத்தை அன்றுதான் சொன்னாள். டோக்கன் கேட்கும்போது லைன் முழுக்கத் திரும்பிப் பார்ப்பதை, அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதை, போன வருடம் ஜுரம் வந்தது அதனால்தான் என்று டாக்டர் சொன்னதை. மிளகாய் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கே கிளம்பிவிட்டாள். அக்கா பையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நீ போய் என்ன கிழிக்கப்போற? பாடத்தைப் படி."

8

அக்கா எழுந்து நின்றாள்.

மறுநாள், கம்பெனியில், வேலை நடந்துகொண்டிருந்தபோது. மிளகாய் அங்கே இல்லை, நானும் இல்லை. காஜா அக்கா சொன்னதை வைத்துத்தான் எழுதவேண்டும். காஜா அக்கா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வாள்.

ஒரு வரைவில், அக்கா எழுந்ததும் மொத்த லைனும் எழுந்து நிற்கிறது. மிஷின்கள் அடங்குகின்றன. சூப்பர்வைசர் தலைகுனிகிறார். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"யாரு எழுந்திரிச்சா? அவளவளுக்கு டார்கெட் இருக்கு."

"அப்ப நீ மட்டும் புரட்சி —"

"புரட்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மூத்திரம் வந்துச்சு. போனேன்."

ஆகவே, நடந்தது: அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஊசியை மேலே தூக்கினாள். பாதி வைத்த காலரைத் துணியோடு மடித்து ஓரமாக வைத்தாள். எழுந்தாள். கையைத் தூக்கவில்லை.

"எதுக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா பதில் சொல்லவில்லை. முறைக்கவும் இல்லை. தூரத்தில் யாரோ யாரையோ கேட்கிறார்கள் என்பது மாதிரி நடந்து போனாள். டோக்கன் அவர் கழுத்திலேயே தொங்கியது. அதைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டார் என்பது காஜா அக்காவின் கூடுதல். எனக்குப் பிடித்திருப்பதால் வைத்துக்கொள்கிறேன்.

விளைவு இல்லாமல் போகுமா? அக்காவைக் காலரிலிருந்து எடுத்து, பிசிறு நூல் வெட்டும் மேசையில் நிற்கவைத்தார்கள். உட்கார நாற்காலி கிடையாது. "நின்னுக்கிட்டே இரு, எழுந்திரிக்கிற வேலை மிச்சம்" என்றாராம் சூப்பர்வைசர். அதுவரை காலரைப் பற்றி வாயே திறக்காத அக்கா, அதன் பிறகு வீட்டில் தினமும் காலரைப் பற்றியே பேசினாள். மிளகாய் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகக் கேட்டுக்கொண்டாள். பிடித்த வேலையைப் பறிப்பது என்றால் என்ன என்று எந்த அத்தியாயத்திலும் அவள் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

அந்த வாரத்திலேயே காஜா அக்கா ஒருநாள் கேட்காமல் எழுந்து போனாள். பிறகு கன்னத்தைத் தொட்டவர். சேர்ந்து அல்ல, பேசி வைத்து அல்ல. அவரவருக்கு வந்தபோது அவரவர். எல்லாரையும் நூல் மேசைக்கு அனுப்பினால் சட்டை யார் தைப்பது? மேனேஜர் வந்து, லைன் ஏன் தேங்குகிறது என்று சூப்பர்வைசரைக் கேட்டார். "எதுக்கு இத்தனை பேரு இங்க நிக்கறாங்க?" அக்கா காலருக்குத் திரும்பினாள். டோக்கன் கொஞ்ச நாள் கழுத்தில் இருந்தது, பிறகு ஆணியில் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறதென்று யாரும் தேடவில்லை.

9

தேர்வாளர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மிளகாயின் அறிக்கையைப் படித்தார். மிகச் சிறிய அறிக்கை. முடிவுகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி: 'ஏழு பங்கேற்பாளர்கள் விலகிக்கொண்டனர். எட்டாமவர் விலக இயலாத நிலையில் இருந்ததால் அவரது முடிவு சேர்க்கப்படவில்லை.'

அக்கா அப்போது இன்னும் நூல் மேசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். இவள் தோற்றால் அத்தனையும் வீண் என்று மிளகாய்க்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. (வீண் இல்லை என்று இன்று தெரியும். அன்று அவளிடம் யார் சொல்வது?)

"ஏழு பேரும் போயிட்டாங்களா?"

"ஆமா சார்."

"விசித்திரமா இருக்கே. எதுக்கு எழுந்து போனாங்க?"

மூலையில் உட்கார்ந்திருந்த மிஸ் கொறிப்பதை நிறுத்தினாள்.

மிளகாய்க்குப் பதில் தெரியும். அதுதான் சிக்கல். நீல வில்லையிலிருந்து தண்ணீர் குடிக்காத காலைகள்வரை எல்லாம் தெரியும். சொன்னால் அறை கலங்கும், மார்க் கொட்டும். எட்டு பெண்களின் மூத்திரத்தை வைத்து அவள் முதல் வகுப்பில் தேறலாம்.

"தெரியாது சார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய்.

"கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன் சார்."

"அது சோதனைக்கு முன்னாடி சொல்றதும்மா. இப்ப நான் கேக்கறேன்."

"நீங்க கேக்கலாம் சார். நான் சொல்லக்கூடாது. அவங்ககிட்ட வாக்குக் குடுத்தது நான்."

கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் சொன்னாள். மிளகாய்க்கு மரியாதையாகப் பேச முயன்றாலும் சண்டை மாதிரிதான் கேட்கும். தேர்வாளர் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு எலும்புக்கூட்டைப் பார்த்தார், அதுவாவது ஏதாவது சொல்லுமா என்பது மாதிரி.

"உன் சோதனை தோத்துப்போச்சு, தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஆனா பாடம் புரிஞ்சிருக்கு" என்று சொல்லி, ஏதோ எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தார். "நீ போலாம்."

மிளகாய் நகரவில்லை. அது எந்தப் போலாம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மிஸ்தான் எழுந்து வந்து, தோளைப் பிடித்துக் கதவுவரை கூட்டிப்போய், "நல்ல போலாம்தான்டி, போ" என்றாள்.

10

மேசைக்காரரே, அந்தச் சப்ஜெக்ட் இதுதான். மார்க் வராதவர்கள் எடுப்பது. அதைத் தொடர்ந்து படித்துத்தான் பட்டம் வாங்கினேன், எங்கள் வீட்டின் முதல் பட்டம். அதை வைத்துத்தான் உங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் காஜா அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள்: "அன்னைக்கு உங்க அக்கா எழுந்து போனாளே, கழிவறை இடது பக்கம். அவ வலது பக்கம் திரும்புனா. வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

வலது பக்கம் என்ன இருக்கிறது? லாரியில் பெட்டி ஏற்றும் கதவு. அதைத் தாண்டினால் தெரு.

கதை எழுதுபவளுக்கு இது போதும். வரைவுகள் போட்டேன். முதலாவதில், அவள் அந்தக் கதவில் நின்று வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். இரண்டாவதில், தெருவுக்கே இறங்கி, ஒரேயடியாகப் போய்விட நினைத்து, முனையில் டீ குடித்துவிட்டு, காலர் ஞாபகம் வந்து திரும்புகிறாள். மூன்றாவதில், அங்கே அவளுக்காக யாரோ — [நிறுத்திவிட்டேன்.] மூன்றுக்கும் நான் படித்த படிப்பிலிருந்து காரணம் காட்டமுடியும். ஏன் என்று கேட்பதற்குத்தானே எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதும் மேசைக்கு எதிரே அக்கா உட்கார்ந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். படிக்கும்போது உதடு அசையும். இந்த அத்தியாயம்வரை வந்துவிட்டாள்.

"காஜாக்காரி சொல்லிட்டாளா?"

"ம்."

"அதான் முடிக்காம வச்சிருக்கியா?"

"ம்."

சிரிக்கிறாள். தாளை மேசைமேல் தட்டி ஒழுங்குபடுத்துகிறாள். "இத்தனை எழுதியிருக்க. இதைப் பத்தி ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கலையே."

நான் பேனாவை மூடி வைக்கிறேன்.

"கேளேன்டி" என்கிறாள்.

அவள் சொல்ல விரும்புகிறாளா, இல்லை எனக்குக் கதை முடியவேண்டுமே என்று சொல்ல வருகிறாளா? அவள் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. இவ்வளவு படித்தும் தெரியவில்லை. முதலாவது என்றால் நான் கேட்கவேண்டும். இரண்டாவது என்றால் கேட்கவே கூடாது.

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன், கொதிக்கும் சத்தம் கேட்கிறது. நான் உள்ளே போகிறேன். அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், உங்களுக்கு எதிரில். கேட்பதாக இருந்தால் நீங்கள் கேளுங்கள்.